காற்றுக் குழாயின் வாய்

பிப்ரவரி எட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. கரையில் இருபத்து மூன்று வள்ளங்கள். நீ போய்ப் பதினோரு நாள்.

மாதா கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் இன்னும் மணலுக்கு வந்து சேரவில்லை. கடைசியில் நின்ற வள்ளத்தில் யாரோ எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தான். டீசல் புகை காற்றோடு வந்து என் முகத்தில் அடித்தது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. கண்ணில் நீர் கட்டிய பிறகுதான் மூச்சு விட்டேன். துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே எத்தனை முறை பைக்கில் போயிருக்கிறோம், ஒருநாளாவது மூக்கைப் பொத்தியிருக்கிறோமா? இப்போது பஸ் கிளம்பினால்கூட எனக்கு உன் நகங்கள் ஞாபகம் வருகின்றன.

உனக்கு எழுதுகிறேன் என்பதே கூச்சமாக இருக்கிறது. இறந்தவன் வாசிக்க மாட்டான். நீ இறந்துவிட்டாய் என்று உறுதிசெய்த ஆட்களில் நானும் ஒருவன். ஆனாலும் நடந்ததை வரிசையாக யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உயிரோடு இருந்தபோது நீ என்னை ஒரு வாக்கியத்தையும் முடிக்க விட்டதில்லை. இப்போதாவது கேள்.

மாணவர்கள் குழுவாகப் பிரிந்து, ஊரில் ஏதாவது ஓர் அமைப்போடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று கல்லூரியில் சொன்னபோது, நான் மில்லர்புரத்தில் ஒரு முதியோர் சங்கத்தைப் பார்த்து வைத்திருந்தேன். நடக்கிற தூரம், தலைக்கு மேல் மின்விசிறி, வேளைக்குக் காபி. நீதான் சங்கு குளிக்கிறவர்களின் குடும்பச் சங்கம் என்றாய். நாசரேத் வாத்தியார் மகனுக்கும் ஏரல் இரும்புக்கடைக்காரர் மகனுக்கும் கடலில் என்ன வேலை என்று கேட்டேன்.

"ஏலே கடைக்காரா, ஊரு பூரா முத்துக்குளிக்கிற மாதிரி படம் வரைஞ்சு வச்சிருக்கான். குளிக்கிறவன் ஒருத்தனையாவது நம்ம ஓ.பி.ல பாத்திருக்கியா? இத்தனை பேரு தண்ணிக்குள்ள இறங்குதான். ஒருத்தனுக்குக்கூட ஒண்ணும் வராதா?"

அதனால் வந்தேன்.

முதல் முகாமை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சங்கக் கட்டடத்தின் முன்னால் மேசை போட்டு, பிரஷர் கருவியும் சர்க்கரைக் கருவியும் வைத்து உட்கார்ந்தோம். கிழவர்கள் வந்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள். குளிக்கிறவர் ஒருவர்கூட வரவில்லை. சங்கத்தின் தலைவி ஜெசிந்தா அக்கா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நம்மைப் பார்த்தார்.

"ஆம்பளைய எல்லாம் இந்நேரம் கடலுக்கு அடியில கெடக்காவ. அந்தக் கருவிய அங்கன கொண்டு போறியளா, இல்ல அவியள இங்கன கொண்டு வரணுமா?"

நீ சிரித்தாய். நான் வருகைப் பதிவை நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முகாமை ஞாயிறு பூசைக்குப் பிறகு என்று மாற்றியது நீ.

அப்படியும் முழு விஷயம் பிடிபடவில்லை. அது பிடிபட்டது நாம் பயிற்சி மருத்துவர்களாக அவசரப் பிரிவில் நின்ற மாதத்தில். ஓர் ஆளை இரண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். இடுப்பிலிருந்து கீழே வலி, கால் மரத்திருக்கிறது. படியில் வழுக்கி விழுந்தாராம். நான் முதுகுக்கு எக்ஸ்-ரே எழுதினேன். எலும்பு சுத்தமாக இருந்தது. அடுத்து என்ன என்று நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நீ வந்தாய். அவர் கட்டிலில் உட்கார்ந்தாய். அவர் முகத்தையே பார்த்தாய். கண்களைச் சுற்றி, நெற்றியில் தொடங்கி மூக்குக்குக் கீழே முடிகிற ஒரு சிவந்த வட்டம் அழுந்தியிருந்தது. படியில் விழுந்தவர் எதற்கு நீர்க்கண்ணாடி போட்டிருந்தார் என்று நீ கேட்கவில்லை. "எத்தனை பாகம்ணே?" என்று மட்டும் கேட்டாய்.

இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். கடலாட்கள் ஆழத்தை அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஆள் வாசலைப் பார்த்தார், போலீஸ் யாராவது நிற்கிறார்களா என்று. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பதினொண்ணு."

அவர்தான் மிக்கேல் அண்ணன்.

முத்து இப்போது இல்லை, சங்குதான். வள்ளத்து எஞ்சினில் கம்ப்ரசரை மாட்டி, அதிலிருந்து வருகிற நீளக் குழாயின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். மணிக்கணக்கில் கீழே நடக்கிறார்கள். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த காற்று, விறுவிறுவென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகும். மூட்டில் நின்றால் வலி. தண்டுவடத்தில் நின்றால் கால் போகும். இது நமக்குப் பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. அவர்களுக்கு வாரத்துக்கு ஒன்று. ஆனால் கடலில் நடந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும். எந்த வள்ளம், யார் உரிமையாளர், கம்ப்ரசருக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேள்வி வரும். ஆகவே அத்தனை பேரும் படியில் வழுக்கி விழுந்தார்கள். நம் ஆஸ்பத்திரி அத்தனை பேருக்கும் முதுகில் படம் எடுத்தது.

ஜெசிந்தா அக்காவோடு நீ பேரம் பேசிய நாளில் நானும் இருந்தேன்.

"போலீசு வராமப் பாத்துக்கிடுவியளா?" என்று கேட்டார்.

"அது என்னால முடியாதுக்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க ஆளு வந்தா முதல்ல ஆக்சிஜன், அப்புறந்தான் பேப்பரு. அந்த வரிசைய மாத்த விட மாட்டேன்."

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உம்ம நம்புதேன். இந்தக் கடைக்காரத் தம்பி மூஞ்சியப் பாத்தா நம்பிக்கையே வரல" என்றார். நீ அதை விடுதி முழுக்கச் சொல்லித் திரிந்தாய்.

அப்படித்தான் சங்கக் கட்டடத்தில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. நம் கைபேசி எண்கள் சுவரில் கரியால் எழுதப்பட்டன. ஆட்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வரிசையை நீ மாற விடவில்லை, மூத்த மருத்துவர்களோடு சண்டை போட்டுக்கூட. நான் நேரம் பார்த்து வந்து நேரம் பார்த்துப் போனேன். நீ அவர்கள் வீட்டில் சாப்பிட்டாய். ஆழம் குறைந்த இடத்தில் மிக்கேல் அண்ணனிடம் குழாயைக் கடித்து மூச்சு விடப் பழகினாய். "கீழ எப்படி இருக்கும்னு தெரியாம எதுக்குலே வியாக்கியானம்?" என்பாய். தண்ணீருக்கு அடியில் போகாமலே நுரையீரலைப் பற்றிப் பேசலாம், அதற்குத்தான் படிப்பு என்பது என் கட்சி.

ஒரே ஒரு விஷயத்தில் நாம் இருவரும் ஒரே கட்சி. மேலே வந்து கால் மரத்தவனை அவர்கள் திரும்ப இறக்குவார்கள். குழாயைக் கடிக்கக் கொடுத்து, பழைய ஆழத்துக்கே கொண்டுபோய் மெதுவாக ஏற்றுவார்கள். கீழே போனதும் வலி விட்டுவிடும். குமிழி அழுந்திச் சுருங்குகிறது, அவ்வளவுதான். அதை அவர்கள் குணம் என்று நம்பினார்கள். பல பேர் முன்பைவிட மோசமாக மேலே வந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நீ அதையே சொன்னாய். "படுக்க வையுங்க, ஆக்சிஜன் குடுங்க, கரைக்கு ஓடி வாங்க. திரும்ப மட்டும் இறக்காதிய." உன் குரலிலேயே எனக்கு மனப்பாடம்.

சரி, ஜனவரி இருபத்தெட்டு.

உனக்கு விடுப்பு. ராயப்பன் வள்ளத்தில் ஏறிப் போனாய். ராயப்பன் அண்ணன் ஜெசிந்தா அக்காவின் கணவர். அன்று குளித்தவர்களில் மிக்கேல் அண்ணனும் ஒருவர். மூன்றாவது முறை மேலே வந்ததும் அவருக்குக் கால் இரண்டும் செத்துப்போயின. சிலிண்டர் கரையில் இருந்தது. கரைக்கு ஒன்றரை மணி நேரம். இதெல்லாம் கயிறு பிடித்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சண்டை போட்டாயாம். வள்ளத்தைக் கரைக்குத் திருப்பு என்று கத்தினாயாம். ஆனால் மிக்கேல் அண்ணனே, "என்னைய இறக்குங்க, இல்லன்னா நானா உருண்டு விழுந்துருவேன்" என்று அழுதிருக்கிறார். அவரை இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். நீ தோற்றுவிட்டாய்.

தோற்றவன் வள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? நீ இன்னொரு குழாயை எடுத்து வாயில் வைத்தாய். "தனியா விட மாட்டேன்" என்றாயாம். உனக்குக் கயிறு கட்டவில்லை. நீ நன்றாக நீந்துவாய் என்று எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் கயிறு இரண்டு தரம் இழுபட்டது. தூக்கு என்று அர்த்தம். மிக்கேல் அண்ணனைத் தூக்கினார்கள். பின்னாலேயே நீ ஏறி வருவாய் என்று காத்திருந்தார்கள். உன் குழாயின் நுனி மட்டும் தண்ணீரில் குமிழி விட்டபடி மிதந்து வந்தது. மற்றவர்கள் மூச்சடக்கி இறங்கித்தான் உன்னை எடுத்துவந்தார்கள்.

அவசரப் பிரிவில் நான்தான் இருந்தேன். தள்ளுவண்டியில் ஈர உடம்பு. நான் முதலில் பார்த்தது வேலைக்கு வேண்டியதை மட்டும்தான். மூச்சு இல்லை, நாடி இல்லை. நெஞ்சை அமுக்கத் தொடங்கினேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. யாரோ என் தோளைப் பிடித்து விலக்கினார்கள். அப்போதுதான் உன் முகத்தைப் பார்த்தேன். தண்ணீரில் மூழ்கியவன் வெளுத்தோ நீலம் பாரித்தோ இருப்பான். நீ சிவப்பாக இருந்தாய். உதடு சிவப்பு. நகங்கள் சிவப்பு, இப்போதுதான் மருதாணியைக் கழுவிய மாதிரி. அந்த அறையில் இருந்த எல்லா மருத்துவருக்கும் அது என்ன என்று தெரியும்.

எஞ்சின் புகையில் இருக்கிற நச்சுவாயு. அது ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் சிவக்கும். பிறகு வந்த பரிசோதனையும் அதையே சொன்னது. மதியம் காற்று திரும்பியிருக்கிறது. வள்ளத்தில் புகை வெளியேறும் குழாயும் கம்ப்ரசர் காற்றை இழுக்கிற வாயும் ஒரு முழம் தள்ளித்தான் இருக்கின்றன. எல்லா வள்ளத்திலும் அப்படியே. காற்று புகையைப் பின்னால் தள்ளுகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. திரும்பினால் புகை நேராக வாய்க்குள் போகும், அங்கிருந்து குழாய் வழியாகக் கீழே. நீ கடித்துக்கொண்டிருந்தது அதை.

நாசரேத்திலிருந்து உன் அம்மா வந்தார்கள். துணியை விலக்கி முகத்தைத் தொட்டார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தம்பி, முகத்தப் பாருங்க. செவசெவன்னு இருக்குல்லா? ரத்தம் ஓடுது தம்பி. இன்னொரு தரம் பாருங்க. நீங்க அவசரப்பட்டு விட்டுட்டிய."

ஐந்தரை வருடம் படித்திருக்கிறேன். அவர்கள் கேட்டபடி, ஸ்டெதாஸ்கோப்பை உன் நெஞ்சில் வைத்து இன்னொரு தரம் பார்த்தேன். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தேன். உண்மையில் ஏதாவது கேட்டுவிடுமோ என்றும் பார்த்தேன்.

வெளியே தாழ்வாரத்தில் ராயப்பன் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா அக்கா சுவரில் தலையைச் சாய்த்து, "கடல் எடுத்துக்கிட்டே, மாதாவே, நம்ம புள்ளையக் கடல் எடுத்துக்கிட்டே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடல் எடுக்கல. உங்க எஞ்சின் எடுத்துச்சு" என்றேன்.

என் வாய் உனக்குத் தெரியுமே. அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு நாலைந்து பேர் சொன்னார்கள். வேறு எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அக்கா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு நம் இரண்டரை வருட வேலை முடிந்துபோனது என்று நினைத்தேன். மறுநாள் கல்லூரியில், மாணவர் யாரும் இனிக் கடற்கரைக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. போலீஸ் விசாரணை நடக்கிறது. அது அதன் வழியில் நடக்கட்டும். சங்கம் உனக்காகக் கடலுக்குப் போவதை நிறுத்தி வைத்தது. வெள்ளைக் கொடி கட்டினார்கள். உன் பெயருக்குப் பூசை வைத்தார்கள், நீ கத்தோலிக்கன் இல்லை, சி.எஸ்.ஐ. என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நாளை திங்கட்கிழமை வள்ளங்கள் மறுபடி புறப்படுகின்றன. இருபத்து மூன்றிலும் வாய் அதே இடத்தில்.

அதனால்தான் இன்று காலை கரைக்குப் போனேன். அப்பாவின் லோடு ஆட்டோவில், கடையிலிருந்து அகலக் குழாய்கள், முழங்கை இணைப்புகள், இறுக்குப் பட்டைகள். காற்றை இழுக்கிற வாயில் குழாயைச் சொருகி, வள்ளத்தின் முன்பக்கம் அணியம் வரை கொண்டுபோய், ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டால் புகை எட்டாது. ஒரு வள்ளத்துக்கு அரை மணி நேர வேலை. எனக்குப் பதினோரு நாளும் இதைத் தவிர வேறு எதுவும் புரியவில்லை.

ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். என்னைப் பார்த்ததும் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஒருத்தர் கைபேசியில் உனக்கு அடிக்கப்போகிற பேனரைக் காட்டினார். உன் படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு டால்பின்.

"டால்பின் எதுக்குண்ணே?"

"கடல்ல போனவருல்லா. வெறும் படமா வச்சா மொட்டையா இருக்கும்லா."

நீ இருந்திருந்தால் அந்த டால்பினுக்கு ஒரு பேர் வைத்திருப்பாய். நான் ராயப்பன் வள்ளத்தில் ஏறினேன். எஞ்சினை ஓட்டச் சொன்னேன். கம்ப்ரசரின் வாயில் என் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக் கட்டினேன். காற்று அன்றைக்கு அடித்த மாதிரி அடிக்கும்படி வள்ளத்தைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். பத்து நிமிடம் ஓடவிட்டேன். அவிழ்த்து விரித்துக் காட்டினேன். நடுவில் வட்டமாகக் கரி.

"புகைன்னா வரத்தான் செய்யும்" என்றார் வயதான ஒருத்தர். "எங்கப்பன் காலத்துலேருந்து இதத்தான் குடிக்கோம்."

"அதான் எனக்கும் பயமா இருக்கு" என்றேன். "எத்தனை பேரு மேல வராமப் போனாவ, அதுல எத்தனை பேரு இதுலன்னு யாருக்காவது தெரியுமா?"

ஒரு சலசலப்பு. குழாயைத் தூக்கிக் காட்டி, யார் வள்ளத்தில் முதலில் மாட்டலாம் என்று கேட்டேன். எல்லோரும் ராயப்பன் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் மணலைப் பார்த்தார்.

"நான் மாட்ட மாட்டேன் தம்பி."

"ஏன்?"

"மாட்டுனா, அன்னைக்கு நாந்தான் கொன்னேன்னு ஆயிரும்லா."

இன்னொரு வள்ளக்காரரிடம் கேட்டேன். "ராயப்பன் மாட்டாம நாங்க மாட்டுனா அவனக் காட்டிக் குடுத்த மாதிரிவே. அவன் மாட்டட்டும், மாட்டுதோம்" என்றார். அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னார். புரிகிறதா உனக்கு? குழாய் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கைக்குட்டையை எல்லோரும் பார்த்தாயிற்று. ஓர் ஆளைத் தனியாக நிற்கவைக்கக் கூடாது என்பதற்காக இருபத்து மூன்று வள்ளமும் நாளை அதே புகையோடு புறப்படப் போகின்றன. இந்த மாதிரி ஒரு விசுவாசத்தை எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன்.

அப்போது மிக்கேல் அண்ணன் பேசினார். ஆக்சிஜனும் வெளியூர்ச் சிகிச்சையும் முடிந்து மூன்று நாளுக்கு முன்தான் வீட்டுக்கு வந்தார். கம்பு ஊன்றித்தான் நிற்கிறார். மூத்திரக் குழாய் இன்னும் எடுக்கவில்லை, பையை லுங்கிக்குள் மறைத்துக் கட்டியிருக்கிறார். அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. ராயப்பன் அண்ணனை மட்டும் பார்த்துப் பேசினார்.

"கயிற நான் இழுத்தேன்னுதானே எல்லாரும் நினைச்சிக்கிட்டு இருக்கிய? நான் இழுக்கல. கீழ போனதும் காலு லேசாச்சு. அப்புறம் தல வலி. மண்டை பொளக்குத மாதிரி. தூக்கமா வந்துட்டு. கைய அசைக்கப் பெலன் இல்ல. அந்தப் பய கண்ணாடிய என் கண்ணாடியோட ஒட்டி வச்சு என் மூஞ்சியப் பாத்தான். பாத்துட்டு என் இடுப்புக் கயிறப் புடிச்சி ரெண்டு தரம் இழுத்தான். அவனுக்கும் தல வலிச்சிருக்கும்லா? அவனும் அதே காத்தத்தானே குடிச்சான்?"

பதினோரு நாளாக நான் உன்மேல் கோபமாக இருந்தேன். படித்தவன், தெரிந்தவன், நீயே வேண்டாம் என்று சொன்ன ஒன்றுக்குள் இறங்கி, ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போனாய் என்று. பதினாறாவது வயதிலிருந்து நாம் எழுதிய அத்தனை பரீட்சையிலும் நீ என்னைவிட நல்ல மார்க். அங்கேயும், பன்னிரண்டு பாகத்துக்குக் கீழே, மண்டை பிளக்கிற வலியில், எதிரே இருந்தவன் முகத்தைப் பார்த்து நீ சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய். சிகிச்சையும் சரி. நோயாளி பிழைத்துவிட்டார். அவர் கம்பு ஊன்றிக்கொண்டு என் முன்னால் நிற்கிறார். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஜெசிந்தா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னிடமிருந்து குழாயைப் பிடுங்கி, கணவரின் மடியில் போட்டார்.

"மாட்டும்."

"ஏளா, சும்மா இரு..."

"நீருதான் கொன்னீருன்னு யாருக்குவே தெரியாது? இந்தா நிக்கவனுக்கு எல்லாம் தெரியும். மாதாவுக்குத் தெரியும். பதினோரு நாளா ராத்திரி நீரு ஒறங்கலன்னு ஒம்ம பொஞ்சாதிக்குத் தெரியும். குழாய மாட்டாட்டா மட்டும் கொல்லாதவராயிருவீரா? நாளைக்கு இன்னொருத்தி வாசல்ல போயி நான் என்ன சொல்லட்டும்? மாட்டும்வே!"

ராயப்பன் அண்ணன் குழாயைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ரம்பம் கொண்டாந்திருக்கீரா?" என்று கேட்டார்.

கொடுத்தேன். அளவு சொன்னேன். அவரே அறுத்தார், அவரே மாட்டினார். இறுக்குப் பட்டையைத் திருகும்போது குழாய் நழுவியது. நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். மாட்டி முடித்து, கைக்குட்டையின் சுத்தமான பக்கத்தை நனைத்து, உயரத்தில் இருந்த புதிய வாயில் அவரே கட்டினார். பத்து நிமிடத்துக்குப் பிறகு அவிழ்த்துப் பார்த்தோம். வெள்ளை. யாரும் கைதட்டவில்லை. அவர் அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்துபோய்விட்டார். என் கைக்குட்டை. திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஜெசிந்தா அக்கா போகிற போக்கில், என் முகத்தைப் பார்க்காமல், "சாப்பிட்டுட்டுப் போவும், மீன் கொழம்பு இருக்கு" என்றார். தாழ்வாரத்தில் நான் சொன்னதை அவர் மன்னித்தாரா என்று தெரியவில்லை. சாப்பிட்டேன். நேரம் பார்க்காமல் சாப்பிட்டேன், நீ இருந்தால் கேலி செய்திருப்பாய்.

இருட்டுவதற்குள் ஏழு வள்ளங்களில் மாட்டியாயிற்று. ஒன்றிரண்டு பேர் அணியத்தில் அது அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். ஒருத்தர் தன் மகன் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மற்றவர்கள் "பாப்போம்" என்றார்கள். பாப்போம் என்றால் இங்கே இல்லை என்று அர்த்தம், அதுவும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விடுதியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் கட்டிலில் வேறு யாரையும் இன்னும் போடவில்லை. ஆறுதலாக எழுத எனக்கு வராது. செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. நாளை, வள்ளங்கள் புறப்படும் முன் கரையில் இருப்பேன். பதினாறு பாக்கி. வைவார்கள். வையட்டும்.

2. வெள்ளைத் துணி போதாது. கரி கண்ணுக்குத் தெரியும், அந்த வாயு தெரியாது. அளக்கிற கருவி வேண்டும். அப்பாவிடம் கேட்டாயிற்று. "கடைய நடத்தச் சொன்னா கடலையும் சேத்து நடத்துதியோ" என்று திட்டிவிட்டுச் சரி என்றார்.

3. சிலிண்டர் இனிக் கரையில் இருக்காது. கடலுக்குப் போகும். அது வள்ளத்தில் இருந்திருந்தால் அன்று யாரும் 'திரும்ப இறக்கு' என்று சொல்லியிருக்க மாட்டார்கள், நீயும் இறங்கியிருக்க மாட்டாய். முதலில் இரண்டு வள்ளத்துக்கு ஒன்று.

4. டீனைப் பார்ப்பேன். மாணவர்களைக் கடற்கரையிலிருந்து நிறுத்தினால், ஆட்கள் மறுபடியும் படியில் வழுக்கி விழத் தொடங்குவார்கள் என்று சொல்வேன். பணிவாகச் சொல்ல முயல்வேன். முடியாவிட்டால் என் பாணியில்.

5. மிக்கேல் அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் கால் பயிற்சி. அவர் இனி இறங்கக் கூடாது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். வேறு என்ன வேலை என்று கேட்பார். ஜெசிந்தா அக்காவோடு உட்கார்ந்து யோசித்த பிறகுதான் சொல்வேன்.

6. நாசரேத்துக்குப் போவேன். உன் முகம் ஏன் சிவந்திருந்தது என்று அம்மாவிடம் சொல்வேன். நாங்கள் அவசரப்பட்டு விடவில்லை என்றும், நீ யாருடைய கயிற்றை இழுத்தாய் என்றும். எது முதலில் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

7. நான் கீழே இறங்க மாட்டேன். யார் கெஞ்சினாலும். இறங்குவதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். வள்ளத்தில், அந்த வாய்க்குப் பக்கத்தில், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். அன்றைக்கு அப்படி ஒருவரும் இல்லை. கல்லூரி விட்டாலும் விடாவிட்டாலும் ஒவ்வொரு வள்ளத்திலும் ஓர் ஆளை அங்கே நிறுத்துவேன். ஆள் கிடைக்காத வள்ளத்தில் நான் நிற்பேன்.